ஒரு சட்டை மட்டும் கொள்ளும் பை

பதுளை டவுனுக்குள் கெமராவோடு நடந்து திரிவதற்கு எந்தப் பை நல்லது என்று இன்றைக்கும் சிலர் என்னிடம் வந்து கேட்கிறார்கள். காலமெல்லாம் படம் பிடித்தவனுக்குத் தெரிந்திருக்கும் என்ற நம்பிக்கை. நானும் சளைக்காமல் சொல்கிறேன். தோள் வார் அகலமாக இருக்கட்டும், உள்ளே பஞ்சு வைத்த தடுப்பு இருக்கட்டும், நம்ம ஊர் மழைக்கு ஓர் உறையும் இருக்கட்டும். கேட்டவர் தலையாட்டிவிட்டுப் போய்க் கடைக்காரன் காட்டியதை வாங்கிக்கொள்வார். என்னுடைய பையை நான் எப்படித் தேர்ந்தெடுத்தேன் என்பதை மட்டும் ஒருவருக்கும் சொன்னதில்லை.

தொண்ணூறுகளில் பசார் வீதியில் ஒரு மாடியில் ஸ்டூடியோ வைத்திருந்தேன். நான் பிறந்தது தேயிலைத் தோட்டத்து லயத்து அறையில்தான். ஆனால் டவுனில் ஒரு பெயர்ப்பலகை மாட்டியதும் அதை மறந்துவிட்டேன். தோட்டத்து ஆட்கள் படியேறி வந்து செருப்பை வெளியே கழற்றி வைத்தால், வேண்டாம் என்று சொல்ல மாட்டேன். அப்படிப்பட்ட ஆள் நான். முதலிலேயே சொல்லிவிடுகிறேன், பிறகு ஏமாந்துபோக வேண்டாம்.

ஞாயிற்றுக்கிழமைகளில் தோட்டம் தோட்டமாகப் போய் அடையாள அட்டைக்குப் படம் எடுப்பேன். யுத்தக் காலம். தமிழன் அட்டை இல்லாமல் ஒரு சந்தியைத் தாண்ட முடியாது, தோட்டத்திலோ பாதிப் பேரிடம் அட்டை இல்லை. கோயில் முற்றத்தில் வெள்ளைத் துணி ஒன்றைக் கட்டிவிட்டு நிற்பேன். பெண்கள் நல்ல சேலையோடு வந்துவிடுவார்கள். ஆண்கள்தான் ஞாயிறு வேலை முடித்து மலையிலிருந்து அப்படியே பனியனோடு வந்து வரிசையில் நிற்பார்கள். கொலர் இல்லாத படத்தை அட்டைக்கு எடுக்க மாட்டார்கள் என்று தோட்டங்களில் ஒரு பேச்சு இருந்தது. அதைக் கிளப்பியது நானில்லை. ஆனால் இல்லை என்றும் நான் சொன்னதில்லை. அதனால் என் பெரிய ரெக்சின் பையில் கெமரா, பிளாஷ், துணி, சீப்பு, பவுடர் இவற்றோடு மூன்று சட்டைகளும் இரண்டு கோட்டுகளும் ஒரு டையும் எப்போதும் இருக்கும். யாருக்கு எது பொருந்துகிறதோ அதை மாட்டி உட்கார வைப்பேன்.

அந்தப் பைதான் என் தலைவலி. எந்தச் சோதனைச் சாவடியிலும் அதைப் பார்த்ததும் கை நீளும். ஒருநாள் பஸ் நிலையத்துக்குப் பக்கத்தில் ஒரு சிப்பாய் சட்டைகளை மண்மூட்டையின் மேல் ஒவ்வொன்றாக விரித்து வைத்தான். ஓர் ஆளுக்கு எதற்கு இத்தனை சட்டை, யாருக்குக் கொண்டுபோகிறாய் என்று சிங்களத்தில் கேட்டான். எல்லாம் எனக்குத்தான் என்று பயத்தில் உளறிவிட்டேன். அப்படியானால் போட்டுக் காட்டு என்றான். மூன்று சட்டையையும் ஒன்றின் மேல் ஒன்றாகப் போட்டேன். அதற்கு மேல் இரண்டு கோட்டு, கழுத்தில் டை. உச்சி வெயிலில் ரோட்டோரம் ஒரு மணி நேரத்துக்கு மேல் நிற்க வைத்தார்கள். பள்ளிக்கூடப் பிள்ளைகள் சிரித்துக்கொண்டு போனார்கள். என்னிடம் கல்யாணப் படம் எடுத்த ஓர் ஆபீஸ் கிளாக்கர் என்னைப் பார்த்துவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டு எதிர்ப்பக்கம் கடந்தார். அந்த மனிதரை நான் இன்னும் மன்னிக்கவில்லை. மன்னிக்க எனக்கு யோக்கியதை உண்டா என்பது வேறு விஷயம்.

அடுத்த வாரமே பண்டாரவளைக்குப் போனேன். அங்கே ஒரு முஸ்லிம் நானாவின் கடை இருந்தது. பள்ளிப் பை, குடை, மழைக்கோட்டு எல்லாம் விற்பார். எல்ல ஊர்ப் பக்கத்து விடுதிகளில் வெள்ளைக்காரர்கள் விட்டுப்போகிற சாமான்களும் எப்படியோ அவர் கடைக்கு வந்து சேரும். முதுகில் மாட்டுகிற மாதிரி சின்னதாக ஒரு பை வேண்டும் என்றேன். பச்சை நிறத்தில் ஒன்றை எடுத்தார். ஆமி நிறம், வேண்டாம் என்றேன். கறுப்பில் ஒன்று எடுத்தார். கறுப்புப் பையைக் கண்டால் அவர்களுக்கு வெடிகுண்டு ஞாபகம்தான் வரும். மூன்றாவதில் பக்கத்துக்குப் பக்கம் பொக்கெட் இருந்தது. ஒரு பொக்கெட்டுக்கு ஒரு கேள்வி வரும், அதுவும் வேண்டாம் என்றேன். வேறு ஊர்க்காரர்கள் ஒரு பையில் எவ்வளவு கொள்ளும் என்று பார்ப்பார்களாம். நான் எவ்வளவு சீக்கிரம் திறந்து காட்டலாம் என்று பார்த்தேன்.

நானா மூன்றையும் திரும்ப ஆணியில் மாட்டினார்.

"தம்பி, நீங்க கெமராவுக்குப் பை தேடல்ல. ஆமிக்காரனுக்குப் பை தேடுறீங்க."

சொல்லிவிட்டு உள்ளே போய்ச் சாம்பல் நிறத்தில் ஒன்றைக் கொண்டுவந்தார். பிள்ளைகளின் புத்தகப் பையைவிடச் சின்னது. ஒரே ஒரு சிப். இழுத்தால் மூடி முழுவதும் விழுந்து உள்ளே இருப்பதெல்லாம் ஒரே பார்வையில் தெரியும். அவரே எதிரே சிப்பாய் மாதிரி விறைத்து நின்றார். நான் தோளிலிருந்து இறக்கித் திறந்து காட்டினேன். மூடி மறுபடியும் மாட்டினேன். மூன்று தடவை அப்படி ஒத்திகை பார்த்துவிட்டுத்தான் வாங்கினேன். இருவரும் நன்றாகச் சிரித்தோம்.

வீட்டுக்கு வந்து அடுக்கிப் பார்த்தேன். கெமராவும் பிளாஷும் இரண்டு பிலிம் ரோலும் உட்கார்ந்தன. மடித்த வெள்ளைத் துணியும் அடங்கியது. அதற்கு மேல் ஒரு சட்டைக்குத்தான் இடம். கோட்டுக்கு வழியே இல்லை. மூன்று சட்டைகளில் எது என்று யோசித்தேன். வெள்ளைச் சட்டை வெள்ளைத் துணியில் கரைந்துவிடும். இன்னொன்று மெலிந்தவர்களுக்குத்தான் சரி. மூன்றாவது, சாம்பலில் நீலக் கோடு போட்டது, நல்ல பெரிய சட்டை. கொலர் நுனிகளைப் பொத்தான் போட்டுப் பிடிக்கிற மோஸ்தர். மெலிந்த ஆளென்றால் முதுகுப் பக்கம் கிளிப் குத்திச் சமாளிக்கலாம். இடது கொலரில் மட்டும் பொத்தான் விழுந்திருந்தது, அந்த நுனி கொஞ்சம் மேலே தூக்கிக்கொண்டு நிற்கும். தைத்துத் தரட்டுமா என்று மனைவி கேட்டாள். கடுகளவு படத்தில் யார் பார்க்கப் போகிறார்கள் என்றேன்.

அந்தப் பையோடு எனக்குப் புது வாழ்வு வந்தது. சாவடியில் திறந்து காட்டுவேன், சிப்பாய் ஒரு பார்வை பார்த்துவிட்டுக் கையை அசைப்பான், அவ்வளவுதான். வார நாட்களில்கூட அதை மாட்டிக்கொண்டு டவுனுக்குள் சும்மா நடக்கத் தொடங்கினேன். மார்க்கெட்டில் லீக்ஸ் மூட்டை இறக்குகிறவர்கள், ரயில் நிலையத்தில் தூங்குகிறவர்கள் என்று கண்டதையெல்லாம் எடுத்தேன். பயமில்லாமல் நடப்பது எவ்வளவு பெரிய சுகம் என்று அப்போதுதான் தெரிந்தது. அந்தச் சுகத்தில் ஒருநாள் ரோலில் மிச்சம் இருந்த ஒரு படத்துக்கு நானே அந்தக் கோடு போட்ட சட்டையைப் போட்டுக்கொண்டு உட்கார்ந்தேன். என் அட்டை கிழிந்திருந்தது. புது அட்டைக்கு அந்தப் படத்தையே கொடுத்தேன்.

ஒன்றரை வருடம் ஊவா மாகாணத்தில் நான் போன தோட்டத்து ஆண்களெல்லாம் அந்தச் சட்டையில்தான் அரசாங்கத்துக்கு முகம் காட்டினார்கள். அவர்களில் ஒருவர், அப்புத்தளைப் பக்கத் தோட்டமொன்றில் மருந்தடிக்கிற வேலை பார்த்தவர். கொழும்பில் ஒரு சாப்பாட்டுக்கடையில் வேலை கிடைத்திருந்தது, அட்டை வந்ததும் போக வேண்டும். மெலிந்த ஆள். கொழுந்துக் கூடையை இறக்கி வைத்துவிட்டு அவருடைய மனைவியே வந்து சட்டையின் முதுகை மடித்துப் பிடித்து நான் கொடுத்த கிளிப்பைக் குத்தினாள். முன்னால் வந்து நின்று அவரைப் பார்த்துவிட்டுச் சிரித்தாள்.

"இந்தச் சட்டையோடவே கொழும்புக்கு அனுப்பிடுங்கண்ணே. ஆளு மதிப்பா இருக்காரு."

வரிசையில் நின்றவர்கள் எல்லோரும் சிரித்தார்கள். அடுத்த ஆள் காத்திருக்கிறான் என்று நான் சட்டையைக் கழற்றச் சொன்னேன்.

எட்டு மாதம் கழித்து அவள் என் ஸ்டூடியோப் படியேறி வந்தாள். செருப்பைக் கழற்றவில்லை. வாங்குப் பலகையில் உட்கார்ந்து மூச்சு வாங்கினாள். கொழும்பில் அவளுடைய புருஷனும் அதே தோட்டத்து ஆட்கள் இரண்டு பேரும் ஒரே அறையில் தங்கியிருந்திருக்கிறார்கள். ஒரு விடியற்காலையில் பொலிஸ் வந்து அட்டைகளை வாங்கி மேசையில் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்திருக்கிறது. மூன்று அட்டையிலும் ஒரே கோடு, ஒரே சட்டை, மூன்றிலும் இடது கொலர் ஒரே மாதிரித் தூக்கி நிற்கிறது. இது எந்த இயக்கத்தின் யூனிபோர்ம் என்று கேட்டிருக்கிறார் பொலிஸ் பெரியவர். ஸ்டூடியோக்காரருடைய சட்டை என்று மூன்று பேரும் சொல்லி அடி வாங்கியிருக்கிறார்கள். கடைசியில், அப்படியானால் அந்த ஸ்டூடியோக்காரனையும் சட்டையையும் கொண்டுவந்து காட்டு என்று அவளிடம் சொல்லி அனுப்பியிருக்கிறார்.

"நீங்க வந்து ஒரு வார்த்த சொன்னா போதும்ணே. அது ஒங்க சட்டைன்னு."

கல்யாண வேலை இரண்டு கையில் இருக்கிறது, கடையை விட்டு வர முடியாது என்றேன். என் சட்டைப்பையில் என் அட்டை இருந்தது. அதிலும் அதே கோடு, அதே கொலர். நான் போய் நின்றால் மேசையில் நாலாவது அட்டையாக அதுவும் உட்காரும். அதை அவளிடம் சொல்லியிருக்கலாம், சொல்லவில்லை.

அவள் யோசித்தாள். பிறகு, சட்டையை மட்டுமாவது கொடுங்கள், நானே கொண்டுபோய்க் காட்டுகிறேன் என்றாள். அது கிழிந்துபோய் எப்போதோ வீசியாகிவிட்டது என்றேன். சாம்பல் நிறப் பை வாங்கில்தான் இருந்தது, அவளுக்கும் எனக்கும் நடுவில். சட்டை அதற்குள் மடித்தபடி இருந்தது. அவளுடைய முழங்கை பையின் மேல் பட்டுக்கொண்டிருந்தது.

"சரிங்கண்ணே. இருந்தா குடுத்திருப்பீங்க."

குத்திக்காட்டிச் சொல்லவில்லை. நம்பித்தான் சொன்னாள். அவள் படியிறங்கியதும் படம் வெட்டுகிற கத்தரிக்கோலை எடுத்துச் சட்டையைத் துண்டு துண்டாக நறுக்கினேன். நல்ல பழைய பருத்தி, லென்ஸ் துடைக்க வாகாக இருந்தது. அடுத்த நாளே அட்டை தொலைந்துவிட்டது என்று எழுதிக் கொடுத்துவிட்டு, வெள்ளைச் சட்டையில் வேறு படம் எடுத்து விண்ணப்பித்தேன்.

பத்து நாள் போயிருக்கும். மறுபடியும் வந்தாள். இந்த முறை முகத்தில் களை இருந்தது. கையில் ஒரு பேப்பர் பொட்டலம். பிரித்து மேசையில் விரித்தாள். சாம்பலில் நீலக் கோடு. நறுக்கியது எப்படித் திரும்பி வந்தது என்றுதான் முதலில் நினைத்தேன். அவள் தைக்கக் கொடுத்திருக்கிறாள். முதுகில் கிளிப் குத்தியவள் அல்லவா, நிறம் ஞாபகம் இருந்திருக்கிறது. மூன்று துணிக்கடை ஏறி இறங்கித் துணியைத் தேடிப் பிடித்து, வீட்டில் மிச்சமிருந்த படத்தைக் காட்டி, பசார் வீதியிலேயே ஒரு டைலரிடம் கொடுத்திருக்கிறாள். பழசு மாதிரித் தெரியவேண்டும் என்று நாலு தடவை கல்லில் அடித்துத் துவைத்திருக்கிறாள். வேலைக்குப் போகாமல், காலையில் பெயர் கொடுக்கிற பெரட்டுக்கு நிற்காமல், இதே வேலையாக அலைந்திருக்கிறாள்.

"பாத்து சொல்லுங்கண்ணே. நீங்கதான் தெனமும் தொட்ட சட்ட. எதாச்சும் வித்தியாசம் இருந்தா இப்பவே மாத்திக்கலாம்."

பார்த்தேன். டைலர் கெட்டிக்காரன். நீலக் கோட்டின் அகலம்கூடச் சரியாக இருந்தது. ஆனால் கொலரின் இரண்டு நுனியிலும் இரண்டு பொத்தான். வலதிலும் உண்டு, இடதிலும் உண்டு. படத்தில் கொலர் தூக்கி நிற்பது தெரியுமே தவிர ஏன் நிற்கிறது என்பது டைலருக்கு எப்படித் தெரியும்? உலகத்தில் அது தெரிந்த ஆட்கள் இரண்டே பேர். ஒருத்தி என் மனைவி, அவள் கீழே மார்க்கெட்டுக்குப் போயிருந்தாள்.

யோசிக்காமல் சொல்லிவிட்டேன் என்று எழுத ஆசைதான். யோசித்துத்தான் சொன்னேன். சட்டையை நம்பினால் அடுத்ததாகச் சட்டைக்காரனைக் கூப்பிடுவார்கள். நம்பாவிட்டால் விஷயம் அவளோடு நின்றுவிடும். ஒரு நிமிஷத்துக்கும் குறைவான நேரத்தில் இவ்வளவையும் கூட்டிக் கழித்துப் பார்த்தேன். அவள் என் வாயையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"அப்படியே இருக்கு" என்றேன்.

கையெடுத்துக் கும்பிட்டுவிட்டுப் போனாள்.

நடந்ததை எனக்குச் சொன்னவர் அந்த டைலர்தான். எதிரே இருந்த தேத்தண்ணிக் கடையில், சட்டைக்காரன் நான்தான் என்று தெரியாமல் எல்லோருக்கும் பொதுவாகச் சொல்லிக்கொண்டிருந்தார். கொழும்பில் அந்தப் பெரியவர் சட்டையை வாங்கிக் கொலரைத் தடவிப் பார்த்தாராம். மூன்று அட்டையையும் பூதக்கண்ணாடியில் பார்த்தாராம். படத்தில் இடது பொத்தான் இல்லை, இதில் இருக்கிறது, தையலும் புதுசு. அப்படியானால் நீங்கள் இன்னும் தைத்துக்கொண்டிருக்கிறீர்கள் என்று அவளைக் கேட்டாராம். அவளையும் இரண்டு நாள் உள்ளே வைத்திருந்தார்கள். டைலரைப் பதுளைப் பொலிஸ் கூப்பிட்டு, எத்தனை சட்டை தைத்தாய், யார் யாருக்குத் தைத்தாய் என்று ஒரு பகல் முழுவதும் விசாரித்தது. அந்த மூன்று பேரும் சிறைக்கு மாற்றப்பட்டார்கள். கையில் ஒரு பொத்தானைப் பிடித்துக் காட்டுகிற மாதிரி விரல்களை வைத்துக்கொண்டு, இத்தனூண்டு பொத்தான் என்று டைலர் சொன்னார். நானும் மற்றவர்களோடு சேர்ந்து உச்சுக் கொட்டினேன்.

என்னைத் தேடி வருவார்கள் என்று மாதக்கணக்கில் காத்திருந்தேன். படியில் பூட்ஸ் சத்தம் கேட்டால் கெமராவைக் கீழே வைத்துவிட்டு வாசலைப் பார்ப்பேன். யாரும் வரவில்லை. ஸ்டூடியோக்காரன் என்று ஒருவன் இருக்கிறானா என்று வந்து பார்க்கிற அளவுக்குக்கூட அவர்கள் சொன்னதை யாரும் நம்பவில்லை. எனக்கு அது நிம்மதியாக இருந்தது. வெட்கமாக இருந்தது என்று சொன்னால் பொய்.

பதினான்கு மாதம் கழித்து மூன்று பேரையும் விட்டார்கள். குற்றம் என்று ஒன்றும் எழுதவில்லை, விட்டுவிட்டார்கள், அவ்வளவுதான். அதற்கடுத்த மாதம் அவள் புருஷனைக் கூட்டிக்கொண்டு வந்தாள். எனக்கு அவரை அடையாளம் தெரியவில்லை, அவளைப் பார்த்துத்தான் புரிந்துகொண்டேன். முன்பல் இரண்டு இல்லை. பழைய அட்டை திரும்பக் கிடைக்கவில்லை, ஒரு படம் எடுக்கவேண்டும் என்றாள். அவர் சுவரில் மாட்டியிருந்த கல்யாணப் படங்களையே பார்த்துக்கொண்டிருந்தார்.

அவள் தன் துணிப்பையிலிருந்து அந்தச் சட்டையை எடுத்தாள். அவள் தைக்கக் கொடுத்த சட்டை. விடும்போது அதையும் திருப்பிக் கொடுத்திருக்கிறார்கள். வேறு சட்டை இல்லையா, இதிலேயா எடுக்கப் போகிறீர்கள் என்று கேட்டேன். வேறு சட்டை இருக்கிறது, இதிலேயே எடுங்கள் என்றாள். அவரால் வலது கையைத் தோளுக்கு மேல் தூக்க முடியவில்லை. ஒரு பிள்ளைக்கு மாட்டுவது போல அவளே கையை வளைத்து உள்ளே விட்டாள். பழைய சட்டையின் அளவுக்கே தைத்தது, இப்போது முன்பைவிடவும் தொளதொளவென்று கிடந்தது. கிளிப் கேட்டாள். கொடுத்தேன். முன்பு செய்த மாதிரியே முதுகை மடித்துக் குத்தினாள்.

பிறகு அந்தப் படத்தில் நாலு பிரதி போட்டேன். நாலும் இன்றைக்கும் அந்தச் சாம்பல் பைக்குள் இருக்கின்றன. வாங்கிப்போக அவர்கள் வரவில்லை, வரப்போவதில்லை என்பது அன்றைக்கே எனக்குத் தெரியும்.

கிளிப் குத்தியானதும் நான் கெமராவுக்குப் பின்னால் போய் நின்றேன். பவுடர் வேண்டுமா என்று கேட்க வாயெடுத்தேன். அவள் கையைக் காட்டி நிறுத்தினாள். குனிந்து அவருடைய இடது கொலரில் வாயை வைத்து நூலைப் பல்லால் கடித்தாள். பொத்தான் கையில் வந்ததும் நடந்து வந்து மேசையில், என் பையின் மூடி மேல் வைத்தாள். கொலர் நுனி மெதுவாக மேலே எழும்பி நின்றது.

"இப்ப பாத்து சொல்லுங்கண்ணே" என்றாள். "அப்படியே இருக்குங்களா?"

அவரும் முதல் தடவையாக என்னைப் பார்த்தார். இருவரும் காத்திருந்தார்கள்.

"அப்படியே இருக்கு" என்றேன்.